பன்னீர் மணக்கும் விரிப்பு

மூக்கு இருந்தும் அதை உபயோகிக்காத ஆள் நான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு நாற்பது வருஷம் ஆனது.

அப்போது திருவண்ணாமலையில் ஒரு தையல்கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். (பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. போயிருந்தாலும் காஜாதான் எடுத்திருப்பேன்.) கீழே விழும் வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, உள்ளே பழந்துணி வைத்து, விரிப்பு தைப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். செங்கம் ரோட்டில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, சொன்ன விலைக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கே நான் முதலாளி. கடையை விட்டு நின்றுவிட்டேன்.

கடையை விட்டால் வெட்டுத் துணி எங்கிருந்து வரும்? அது அப்புறம்தான் உறைத்தது. சந்தையில் ஒருத்தர் புடவையும் வேட்டியுமாகக் குவித்து எடைக்கு விற்றார். தண்ணி படாத புதுசு. அங்கங்கே மஞ்சள் கறை, லேசாகப் பன்னீர் வாசனை. பன்னீர் தெளித்து விற்கிறாரே, என்ன மரியாதையான வியாபாரி என்று மூட்டையோடு வாங்கினேன்.

விரிப்பு ஜோராகப் போனது. முப்பது வயசுவரை எனக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. இப்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏழு பேர் வீடு பார்க்க வந்தார்கள். (வரும் வழியில் பஸ் இரண்டுதரம் நின்றதாம். அப்போதே திரும்பியிருக்கலாம்.) இருந்ததிலேயே நல்ல விரிப்பைக் கட்டிலில் போட்டுப் பெண்ணின் அம்மாவை உட்காரவைத்தேன். விரிப்பைத் தடவிய அவர் கை, ஒரு கிளிப்பச்சைத் துண்டின்மேல் நின்றது.

“இது எங்க கெடைச்சுது?”

“சந்தையிலங்க. ஒசத்தி சரக்கு.”

“எங்கம்மா செத்தப்போ நான் மேல போத்துன பொடவ இது.”

சுடுகாட்டில் எடுத்துப்போடும் துணியை மூட்டை கட்டி விற்கிறார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். தலையணை உறை, ஜன்னல் திரை, நான் போட்டிருந்த சட்டை, எல்லாம் அதே மூட்டை.

ஏழு பேரும் எழுந்து ஓடிக் கிணற்றடியில் தலைமுழுகினார்கள். என் அம்மா மாற்றுத்துணி நீட்டினாள். பெண்ணின் தாய்மாமன் இரண்டடி பின்னால் போனார்.

“இது யாருதும்மா?”

ஒருத்தரும் வாங்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட நின்றார்கள். சம்பந்தம் போச்சு என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். பெண்ணின் அம்மாதான் ஈரத்தோடு உள்ளே வந்தார். விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு முந்தி எங்கம்மா வந்து வீடு பாத்துட்டாங்க. தேதி குறிங்க. ஆனா மாப்பிள்ள இந்தத் தொழில விட்டுடணும்.”

விட்டுவிட்டேன். மறுபடியும் காஜாதான். விரிப்பு விற்ற தெருக்கள் பக்கம் இன்றுவரை நான் போவதில்லை. கோயிலுக்கே சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

போன தீபாவளிக்கும் என் சம்சாரத்துக்குப் புடவை எடுத்தேன். கடை ரசீதையும் சேர்த்தே கொடுத்தேன். அவள் கரையைப் பார்க்கவில்லை, கலரைப் பார்க்கவில்லை. மோந்து பார்த்தாள். அப்புறம் பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள்:

“யாருது தாத்தா இது?”