மர்ம வில்லைகளை நாங்கள் அடையாளம் கண்ட வரலாறு

நெருப்பு, சக்கரம் இரண்டுக்கும் அடுத்தபடியாக மனித குலத்தையே உலுக்கிய கண்டுபிடிப்பு எங்கள் நீர் வழங்கல் அலுவலகத்தின் வாசலில்தான் நிகழ்ந்தது. நெருப்பைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கென்று ஒரு குழு அமைத்ததாகத் தெரியவில்லை. நாங்கள் அமைத்தோம். அந்தக் குழுவின் செயலாளர் என்ற முறையில், அடக்கம் கருதி, என் பங்கைக் குறைத்தே சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் என் சொந்த அக்கா லாண்டரி வைத்திருக்கிறாள். சோப்பு உண்டு, இஸ்திரிப் பெட்டி உண்டு, மலைபோல அழுக்குத் துணி உண்டு. தண்ணீர் மட்டும் கிடையாது. குழாய் இணைப்புக் கேட்டு அவள் கொடுத்த மனு முதலில் "பரிசீலனையில்" இருந்தது. பிறகு பதவி உயர்வு பெற்று "மறுபரிசீலனைக்கு"ப் போனது. அதுவரை என் வீட்டுக் குளியலறையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். காலையில் நான் கதவைத் தட்டினால், "இருடா, இன்னும் ரெண்டு வாளிதான்!" என்று உள்ளேயிருந்து அதட்டல் வரும். தம்பி அலுவலகத்தில் இருக்கிறான் என்பதற்காகச் சலுகை காட்டவே இல்லை. என் நேர்மை அப்படிப்பட்டது.

ஒருவழியாக உத்தரவு வந்தது. வேளையும் நல்ல வேளைதான். புதிதாகத் திறந்திருந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் படுக்கை விரிப்பு முழுவதையும் அக்காவிடமே வெளுக்கக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, திங்கட்கிழமைக்குள் கடையில் குழாய்த் தண்ணீர் வர வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள். அந்த வேலையை விட்டால் அக்காவுக்குக் கடன் வாங்காமல் கடை நடத்த வேறு வழியே இல்லை என்ற நிலை.

மேஸ்திரி ஆட்களோடு வந்து எங்கள் வாசலிலிருந்து சந்து வரைக்கும் பள்ளம் தோண்டினார். மண்வெட்டி 'ணங்' என்றது. இன்னொரு 'ணங்'. பிறகு பள்ளம் முழுக்க ஒரே ணங்காரம். வட்ட வட்டமான பித்தளை வில்லைகள்! மேலே ஓர் ஓட்டை; ஒரு பக்கம் எண்; மறுபக்கம் துளி போல ஒரு சின்னம்.

"ஒரு கூடை தேறும் சார்," என்றார் மேஸ்திரி. "ஓரமா கொட்டிட்டு, பைப்பைப் போட்டு மூடிடவா?"

எங்கள் இயக்குநர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மூடுறதா? சரித்திரத்தையா மூடச் சொல்ற?"

அன்றைக்கே 'மர்ம வில்லைகள் அடையாளங்காணும் உயர்மட்டக் குழு' உதயமானது. ஆய்வுக்கு இன்றியமையாத பூதக்கண்ணாடி, வெள்ளைக் கையுறை, முந்திரி பிஸ்கட் ஆகியவை தருவிக்கப்பட்டன. முதல் கூட்டத்தில் இயக்குநர் ஒரு வில்லையைக் கடித்துப் பார்த்தார். "ரொம்பப் பழைய ருசி," என்றார். குறித்துக்கொண்டேன்.

பிறகு நிபுணர் வந்தார். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் எந்தக் காலத்தியது என்று சொல்லிவிடுவார். மணி மட்டும் கேட்கக் கூடாது. பள்ளத்தில் இறங்கினார், முகர்ந்தார், வாசலில் இருந்த கல் பெஞ்சைத் தடவினார். அறைக்குள் வந்து கண்களை மூடிக்கொண்டு பேசினார்.

"இது காசு இல்லீங்க. காசா இருந்தா யாராவது பொறுக்கிட்டுப் போயிருப்பாங்க. இது வேணும்னே வீசினது."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் இயக்குநர்.

"எல்லா வில்லையும் ஓரம் நசுங்கியிருக்கு. வாசல் படியிலிருந்து ஒரு மனுஷன் ஆத்திரத்தோட வீசினா எவ்வளவு தூரம் போகுமோ, அவ்வளவு தூரத்துலதான் அத்தனையும் கிடக்கு. கல் பெஞ்சைப் பார்த்தீங்களா? நடுவுல குழி! தலைமுறை தலைமுறையா உட்கார்ந்து தேய்ச்சிருக்காங்க."

"அப்படின்னா?"

"இந்த இடத்துல ஏதோ ஒரு தெய்வம் இருந்திருக்கு. ஜனங்க ஆளுக்கொரு எண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்திருக்காங்க. விடிஞ்சதிலிருந்து பொழுது சாயுற வரைக்கும் காத்திருந்திருக்காங்க. தெய்வம் வெளியிலயே வரலை. மனசு விட்டுப்போய் எறிஞ்சிட்டுப் போயிருக்காங்க."

"அந்தத் துளி?"

"கண்ணீருங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம், அந்தக் காலத்து ஜனங்க எவ்வளவு வெகுளியா இருந்திருக்காங்க! கல் நெஞ்சக்காரத் தெய்வம்!" என்றார். எனக்கும் தொண்டை அடைத்தது. பிஸ்கட்டாகவும் இருக்கலாம்.

பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். 'பாதுகாக்கப்பட்ட பள்ளம்' என்று பலகை வைத்தோம்.

"அப்ப மூட வேண்டாமா சார்?" என்றார் மேஸ்திரி.

"மூச்சு கூட மெதுவா விடணும்," என்றார் இயக்குநர்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா இடுப்பில் வாளியோடு வழியை மறித்தாள். "டேய், திங்கட்கிழமை விரிப்பெல்லாம் வந்து இறங்கிடும்டா. அந்தப் பள்ளத்தை மூடச் சொல்லு."

"அக்கா, அது பள்ளம் இல்லை. பாரம்பரியம்."

"பாரம்பரியத்துல துணி துவைக்க முடியுமாடா?"

"நீ உன் குழாயை மட்டும் பார்க்கிற. நான் மனித குலத்தைப் பார்க்கிறேன்."

"மனித குலம் போட்டுக்கிற சட்டையை நான்தானேடா வெளுக்கணும்!"

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணி, இவர்கிட்ட பேசிப் பிரயோஜனமில்லை. முதல்ல இவரை ஊற வைங்க. நல்லா அடிச்சுத் துவைச்சாத்தான் வழிக்கு வருவார்." அறிஞர்களுக்குச் சொந்த வீட்டில் மதிப்பு இருப்பதில்லை.

சனிக்கிழமை கண்காட்சி. கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பட்டுத் துணி, அதன்மேல் பளபளவென்று தேய்த்த வில்லைகள். பொதுமக்களை முன்வாசல் வழியாகவே வரவேற்றோம். நாங்கள் எப்போதும் பின்வாசலில் வந்து போகிறவர்கள் ஆகையால், முன்வாசலை நன்றாகப் பார்க்க எங்களுக்கும் அது ஒரு வாய்ப்பாக அமைந்தது.

ஜனங்கள் வந்தார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பார்த்தபடியே போய்ச் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"மெய்மறந்துட்டாங்க, பாருங்க!" என்றார் இயக்குநர்.

வரிசை சுவர் முடிந்து, தாழ்வாரம் முடிந்து, வாசல் கல் பெஞ்சு வரை நீண்டது. பால்காரர் ஒருவர் மெல்ல எழுந்து வந்து என்னிடம் பணிவாகக் கேட்டார்: "இப்ப எந்த நம்பர் சார் ஓடுது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை. பெட்டிமேல் குனிந்தவள், "அட, பதினேழு! என் டோக்கன்!" என்று கூவினாள்.

"டோக்கனா?" என்றார் இயக்குநர்.

"டோக்கன்தாங்க. உங்க ஆபீஸ் டோக்கன். குழாய்க்கு மனு குடுக்க வந்தப்ப வாசல்ல குடுத்தாங்க. நாள் பூரா உட்கார்ந்திருந்தேன். பதினாறு வரைக்கும் கூப்பிட்டுட்டு ஜன்னலைச் சாத்திட்டாங்க. இதோ நிக்கிறானே, இவன்தான் சாத்தினான்! வயிறு எரிஞ்சு வீசிட்டுப் போனேன்."

வாசகர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டோக்கன் என்பது வாசலில் காவலர் கொடுப்பது, ஜனங்கள் வாங்குவது. எண்ணைக் கூப்பிடுவதோடு எங்கள் வேலை முடிந்தது. அதுவும் மனநிலையைப் பொறுத்தது. பித்தளை போய்க் காகிதச் சீட்டு வந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. துளிச் சின்னமும் அப்படியே. சின்னத்தை மாற்றுவது எங்கள் அலுவலகத்தின் தலையாய பணி என்பதால், பழைய சின்னம் யாருக்கும் நினைவில் இல்லை. ஆக, உலகத்திலேயே அந்த வில்லையை அடையாளம் தெரியாதவர்கள் நாங்கள் மட்டும்தான். அடையாளங்காணும் குழுவுக்கு எங்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

"நாற்பத்தொண்ணு என்னோடது!" என்று ஒரு குரல் எழுந்தது. "அஞ்சு நானு! அஞ்சையே கூப்பிடலை!" என்றது இன்னொன்று. "என் மாமனார் வீசினதும் உள்ள கிடக்கும், நல்லாத் தேடுங்க!" கூடம் முழுக்கச் சிரிப்பும் கூச்சலும். யார் யார் எவ்வளவு தூரம் வீசினார்கள் என்று பந்தயமே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

நிபுணர் ஆனந்தத்தில் குதித்தார். "பக்தர்களெல்லாம் உயிரோட இருக்காங்க! அப்படின்னா, அந்தத் தெய்வம்..." என்றபடி எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நாங்கள் மின்விசிறியைப் பார்த்தோம்.

"அவசரக் கூட்டம்!" என்றார் இயக்குநர். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். விவாதம் அனல் பறந்தது. இவை வில்லைகளா, டோக்கன்களா? டோக்கன்கள் என்றால் எண்களைக் கூப்பிட வேண்டுமா? கூப்பிட்டால் ஐந்திலிருந்தா, பதினேழிலிருந்தா? வராதவர்களுக்கு அபராதம் உண்டா? வெளியே 'தொப் தொப்' என்று சத்தம் கேட்டபோது, "கைதட்டுறாங்க," என்றார் இயக்குநர். பெருமிதத்தோடு அடுத்த பிஸ்கட் தட்டை வரவழைத்தோம்.

சாப்பாட்டு வேளைக்குக் கதவைத் திறந்தோம். கூடத்தில் ஒருவரும் இல்லை. வாசலில் கயிறு இல்லை, பலகை இல்லை, பள்ளமே இல்லை. மண் மெத்தென்று மிதித்துச் சமன் செய்யப்பட்டிருந்தது. எதிர்ச் சந்தில் அக்கா கடைக் குழாயடியில் மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார். பால்காரர் முகம் கழுவினார். அக்கா குழாய் வாயை விரலால் பாதி அடைத்து, போவோர் வருவோர்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி முகமெல்லாம் நனைந்திருந்தது.

"மூடிட்டேன் சார்," என்றார் மேஸ்திரி.

"யாரைக் கேட்டு?" என்று அலறினார் இயக்குநர்.

"கேக்கலாம்னுதான் வந்தேன். நீங்க உள்ள இருந்தீங்க. இவங்க எல்லாம் வெளியில சும்மா உட்கார்ந்திருந்தாங்க. ஆளுக்கு ரெண்டு கை போட்டாங்க. பைப்பை இறக்கி மாட்டினோம், மண்ணைத் தள்ளினோம். இதுல என்ன சார் இருக்கு, ஒரு பொழுது வேலை!"

திங்கட்கிழமை சந்து நெடுக வெள்ளை விரிப்புகள் காற்றில் ஆடின. பின்வாசலுக்குப் போகும் வழியில் ஒன்று என் முகத்தில் வந்து ஈரமாக அறைந்தது. தற்செயல் என்றே கருதுகிறேன்.

குழு கலைக்கப்படவில்லை. நிபுணர் தம் இறுதி முடிவில், 'அந்த இடத்தில் தெய்வம் என்று ஒன்று இருந்ததே இல்லை' என்று திருத்தி எழுதிவிட்டார். செயலாளர் என்ற முறையில் அதை வன்மையாக மறுக்கிறேன். இருந்தது ஐயா. ஒவ்வொரு வில்லையும் மண்ணில் வந்து விழுந்த சத்தம் காதில் கேட்கும் தூரத்தில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, உள்ளேதான் இருந்தோம்.