வலப்பக்கம் நீளும் காகிதம்

ஹைஃபா, வெள்ளிக்கிழமை

நாசரேத்தில் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தும் என் அருமை பிஷாரா அண்ணனுக்கு, தங்கை அரீன் வணக்கத்துடன் எழுதுவது. அண்ணியின் முழங்கால் தேவலையா? உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் போடுகிறேன், அதுவும் காரியமாக. கோபித்துக்கொள்ளாதே.

என் தாலாவும் எதிர்வீட்டு யூதத் தோழி ஓரித்தின் மகள் நோகாவும் சேர்ந்து, 'இந்தச் சண்டை எப்படித் தொடங்கியது' என்று காலவரிசை எழுதி வியாழனன்று பள்ளியில் கொடுக்க வேண்டும். ஒத்துப்போகாத ஜோடியைப் பிரித்து உட்காரவைப்பாராம் டீச்சர். பாலர் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, அண்ணா! நானும் ஓரித்தும் படித்தவர்கள்தானே, ஐந்தே நிமிடத்தில் 1917 என்று முடித்தோம்: பிரிட்டிஷ்காரன் தனதல்லாத நாட்டில் யூதர்களுக்குத் தாயகம் தருவதாகக் கடிதம் எழுதிய வருஷம். அத்தோடு விட்டிருக்கலாம். மரியாதைக்காகப் பெரியவர்களையும் காபிக்குக் கூப்பிட்டேன் பார், அங்கேதான் புத்தி கெட்டது. "பதினேழா? துருக்கிக்காரன் காலத்துலயே உழுதவனக் கேக்காம பெய்ரூட் பணக்காரன் நெலத்த யூதனுக்கு வித்தானே, அத எங்க போடுவே?" என்றார் என் மாமனார். ஓரித்தின் அப்பா பாக்தாத்தில் பிறந்தவர், நம் அரபியிலேயே, "யோவ் ஜுரைஸ், அதுக்கும் முன்னாடி ரஷ்யாவுல யூதன அடிச்சு வெரட்டினானே, அவன் எங்கய்யா போவான்?" என்றார். "எங்கப்பன் வீடுதான் கெடச்சுதா?" "நாப்பத்தொண்ணுல பாக்தாத்துல எங்கப்பன் கடைய சூறையாடினப்ப நீ வந்து கேட்டியா?" இஸ்ரேல் பிறந்த 1948க்கு ஒருவர் விடுதலை என்று எழுதினார், இன்னொருவர் பேரழிவு என்று எழுதினார். யார் பேசினாலும் எனக்கு நியாயமாகவே படுகிறது, தலை சுற்றுகிறது. காபி போதும் என்று வழக்கப்படி கோப்பையை ஆட்டினால் தோற்றதாகிவிடுமாம். இருவரும் ஆட்டவில்லை, நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். நாம் வலமிருந்து எழுதுகிறவர்கள் அல்லவா, தொடக்கம் பின்னால் போகப்போகக் காகிதம் வலப்பக்கம் ஒட்டி ஒட்டி நீண்டு, வாசல் தாண்டி, ஓரித் வீட்டுச் சமையலறைக்குள் போய்விட்டது. கதவு சாத்த முடியவில்லை. பூனை பத்தொன்பதாம் நூற்றாண்டில் படுத்திருக்கிறது.

குழந்தைகள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். "அம்மா, நோகா தாத்தாதான் நம்ம வீட்ட எடுத்துக்கிட்டாரா?" என்றாள் தாலா. "இல்லடி, அவர் அப்ப பாக்தாத்துல சின்னப் பையன்." "அப்ப யாரு எடுத்தா?" நான் காபி போடப் போய்விட்டேன்.

ஒரே ஒரு வருஷம் எழுதி அனுப்பு அண்ணா. நீ சொன்னால் கேட்பதாக இரண்டு கிழவர்களிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். உங்கள் ஆலிவ் இந்த முறையாவது நிறையக் காய்க்கட்டும்.

உன் தங்கை,
அரீன்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் வியாழனும் போய்விட்டது. குழந்தைகளே 1917இல் கத்தரித்து, ஓரத்தில் 'இதுக்கு முன்னாடியும் இருக்கு, எங்க தாத்தாங்களக் கேளுங்க' என்று எழுதி, நம் ஃபோன் நம்பரையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இப்போதும் ஒரே பெஞ்சுதான். நேற்றிலிருந்து மற்ற பெற்றோர்கள் அழைக்கிறார்கள், கிழவர்கள் ஃபோனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஆகவே வருஷம் அனுப்ப வேண்டாம். தாலா மட்டும் அதே கேள்வியோடு என் பின்னாலேயே சுற்றுகிறாள். அவளுக்கு என்ன சொல்லட்டும், அதை எழுது. வீட்டில் காபித்தூள் தீர்ந்துவிட்டது.