அப்பாவின் இடுப்பும் அம்மாவின் பரீட்சையும்

"இந்த வீட்டுக்கு ஒரு வாத்தியார் போதும்!" என்று அப்பா பிரகடனம் செய்தார்.

அந்த ஒருவர் யார் என்று கேட்கவே வேண்டாம். அப்பா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். வயிற்றுவலி என்று லீவு கேட்கும் பொடியன்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாராம். சொன்னது அவரேதான்.

அம்மா கிராமத்து நர்ஸ். கொஞ்ச நாளாக ஆன்லைனில் மேற்பயிற்சி படித்துவந்தாள். என்னைப் போலப் பல்கலைக்கழக நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அல்ல. எங்கள் வீட்டில் சிக்னல் எட்டிப் பார்ப்பது படுக்கையறை ஜன்னலில் மட்டும். அங்கே போனைச் சாய்த்துவைத்து, துணி மடித்துக்கொண்டே பக்கவாதத்தையும் பாம்புக்கடியையும் கரைத்துக் குடித்தாள்.

செய்முறைத் தேர்வு மட்டும் பாக்கி. கேமரா முன்னால் நிஜ நோயாளி ஒருவரைப் பரிசோதித்துக் காட்ட வேண்டும். தேறினால், சனி ஞாயிறுகளில் சுற்றுவட்டார நர்ஸ்களுக்கு அம்மாதான் பயிற்சியாளர். அப்பாவுக்குப் பிடிக்காதது அதுதான்.

"சனி ஞாயிறு எனக்குச் சாப்பாடு?"

"உங்களுக்கும் ரெண்டு கை இருக்கேப்பா," என்றேன்.

"பாருடி உன் மகளை! படிக்க அனுப்பினா சண்டை போடப் படிச்சிட்டு வந்திருக்கா."

"நீங்க பயிற்சிக்குப் போனப்போ அம்மா இப்படிக் கேட்டாங்களா?"

"அது உத்தியோகம்!"

"இது என்ன, பொழுதுபோக்கா?"

சம உரிமை, உழைப்பின் மதிப்பு, வரலாறு என்று நான் அடுக்கத் தொடங்கினேன். அம்மா கடைசிச் சட்டையை மடித்து வைத்தாள்.

"முடிச்சிட்டியா? அந்த ஜன்னல் கண்ணாடியைத் துடை. நாளைக்கு வெளிச்சம் வேணும்."

மறுநாள் காலை, நோயாளியாக வர ஒப்புக்கொண்டிருந்த கொத்தனாரைக் காணவில்லை. போன் போட்டால், "பள்ளிக்கூடச் சுவர் விழப்போகுதுன்னு சார் அவசரமா அனுப்பிட்டாரும்மா" என்றார். அந்தச் சுவர் நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோதே விழப்போவதாகத்தான் இருந்தது!

நான் கொதித்தேன். அம்மா செருப்பை மாட்டினாள்.

"அடுத்த தெருவுல யாரையாவது கூட்டிட்டு வரேன்."

உடனே படுக்கையறையிலிருந்து ஓர் அலறல். "ஐயோ! இடுப்பு போச்சு! அசைய முடியல. நீ எங்கேயும் போயிடாதே!"

கட்டிலில் அப்பா வில்லாக வளைந்து கிடந்தார். அம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"நான் எங்கேயும் போகலைங்க. அப்படியே படுத்திருங்க." பிறகு என்னிடம், "போனைப் பிடி."

அப்பாவுக்கு விஷயம் புரிவதற்குள் திரையில் தேர்வாளர் டாக்டரம்மா வந்துவிட்டார். பின்னால் சின்னச் சின்னக் கட்டங்களில் ஊர் ஊராக நர்ஸ்கள்.

"பேஷன்ட் ரெடியா, சிஸ்டர்?"

"ரெடி மேடம். திடீர் இடுப்புவலி."

இப்போது எழுந்தால் நடிப்பு அம்பலம். படுத்திருந்தால் பரிசோதனை. அப்பா படுத்தே இருந்தார். அம்மா அவருடைய வலது காலை நீட்டியபடியே ஒரு சாண் உயர்த்தினாள்.

"ஐயோ! அம்மா!"

இடது கால். அதே ஐயோ, அதே அம்மா.

"சரிங்க, மெதுவா உட்காருங்க. காலைத் தொங்கவிடுங்க. பாதத்துல வெடிப்பு இருக்கா பார்ப்போம்."

அம்மா எதிரே உட்கார்ந்து, அவர் பாதத்தை ஏந்தி, முழங்காலை நேராக நீட்டினாள். கால் விறைப்பாக, தரைக்கு இணையாக, அந்தரத்தில் நின்றது.

"வலிக்குதாங்க?"

"பாதத்துல என்ன வலி? புதுச் செருப்புதான் கொஞ்சம் கடிக்குது."

"மேடம், படுத்தப்போ ஒரு சாணுக்கே கத்தினார். இப்ப உட்கார்ந்தபடி அதே நரம்பை அதைவிட அதிகமா இழுத்திருக்கேன். செருப்பைப் பத்திப் பேசுறார்."

போனிலிருந்து சிரிப்பு கொட்டியது.

"அப்ப உங்க முடிவு என்ன, சிஸ்டர்?"

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையை வர்ணிக்க என் முதுகலைப் பட்டம் போதாது. "நடிப்பு!" என்று கூவ நான் வாயெடுத்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.

"நரம்புல கோளாறு இல்லை மேடம். ஆனா ஒருத்தர் வலின்னு சொன்னா, எங்கேயோ ஒண்ணு இருக்கும். வாரக் கடைசியில தனியா இருக்கணுமேன்னு இவருக்குக் கவலை. அது இடுப்புல வந்து உட்கார்ந்திருக்கு."

டாக்டரம்மா எதையோ குறித்துக்கொண்டார்.

"சிகிச்சை?"

"படுக்கக் கூடாது. நடமாடணும். பெருக்கலாம், துடைக்கலாம், சமைக்கலாம். குறிப்பா சனி ஞாயிறு."

"ஐயா, உங்களுக்குச் சம்மதமா?"

இத்தனை பேர் முன்னிலையில் தலைமையாசிரியர் வேறென்ன சொல்வார்? "சம்மதம்" என்றார், வருகைப் பதிவுக்கு ஆஜர் சொல்லும் குரலில்.

"உண்மையையும் சொல்லணும், நோயாளி முகமும் வாடக் கூடாது. அதைப் பாடத்துல சொல்லித்தர முடியாது, சிஸ்டர். நீங்க பாஸ்!"

சிக்னல் கோளாறில் கைதட்டல் விட்டுவிட்டு வந்தது. மேடை மேடையாக வாதாடிக் கோப்பை வாங்கியவள் நான். என் அம்மா ஒரு காலை நீட்டிப் பிடித்தே வழக்கை முடித்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் அப்பா தெரு முழுக்கத் தண்டோரா போட்டார். "டாக்டரே அசந்துட்டாங்க! என் சம்சாரமாச்சே!"

முதல் வகுப்புக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "நீங்களும் வாங்க. நீங்க இல்லாம நான் எப்படி ஆரம்பிக்கிறது?"

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டார். வாழ்த்துரை ஒன்றை முணுமுணுத்துப் பழகினார். சுகாதார நிலையத்துக்குள் சிறப்பு விருந்தினர் நடையில் நுழைந்து, முன்வரிசை நாற்காலியை நோக்கி நகர்ந்தார்.

ஓர் இளம் நர்ஸ் ஓடிவந்து, நடுவில் வெள்ளைத் துணி விரித்திருந்த கட்டிலைக் காட்டினாள்.

"அங்கே இல்லை சார். செருப்பைக் கழட்டிட்டு இதுல படுங்க."