அரக்குச் சாயத் தொட்டியில் என் கியர் வண்டி

எங்கள் தெருவில் கியர் வண்டி ஓட்டிய முதல் பெண்பிள்ளை நான்தான். கியர் வண்டியோடு சாயத் தொட்டிக்குள் இறங்கிய முதல் ஆளும் நான்தான். முதல் பெருமைக்குப் போட்டியாக இப்போது நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். இரண்டாவதற்கு இன்றுவரை ஒருத்தரும் வரவில்லை. ஆகவே அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. நான் பட்டு நெய்கிறவள். கணவர் ஏகாம்பரத்துக்குக் கார் கம்பெனியில் வேலை. தெருமுனைக்கே கம்பெனி பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். அவருடைய பைக் வாசலில் உறை போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கும். நெய்த புடவையை முதலாளி கடைக்குக் கொண்டுபோக நான் ஷேர் ஆட்டோவுக்காக வெயிலில் காய்ந்துகொண்டிருப்பேன். ஒருநாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது.

“பைக் சாவிய குடுங்க. நான் ஓட்டக் கத்துக்கிறேன்.”

“உனக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித் தரேன்மா,” என்றார்.

“வூட்ல ஒரு வண்டி சும்மா நின்னுக்கினு இருக்குது. இன்னொண்ணு எதுக்கு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். (யோசிக்கிற மாதிரி தலையைச் சொறிந்தார்.) “சரி. ஆனா ஒண்ணு. வண்டிக்கோ உனக்கோ வேற யாருக்கோ எதனா ஆச்சுன்னா சாவி திரும்ப என் பாக்கெட்டுக்கு வந்துடும். அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்கக் கூடாது.”

“ஒத்துக்கிறேன்,” என்றேன். எதிர்வீட்டு சரோஜாக்கா வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் தறிக்காரர்தான். “அது ஆம்பள வண்டி கௌரி. எங்கனா கொண்டு போய் இடிச்சி வெப்ப, பாத்துக்கினே இரு,” என்று ஆசீர்வாதம் செய்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு லைசென்ஸ் என்பது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

எல்.எல்.ஆர். எடுத்தேன். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்து ஒட்டினோம். ஆளுக்கொரு ஹெல்மெட். ஊருக்கு வெளியே பிளாட் போட்ட காலி மனையில் பாடம் ஆரம்பமானது. இடது கையில் கிளட்ச், வலது கையில் ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும், இடது காலில் கியர், வலது காலில் பின்பிரேக் என்று அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னாத்துக்கு சிரிக்கிற?”

“தறியில இதத்தானே தினமும் செய்றேன்!”

பின்னே? குழித்தறியில் உட்கார்ந்தால் இரண்டு காலும் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும். வலது கை கயிற்றை வெடுக்கென்று இழுக்கும், குறுக்கிழையைச் சுமந்துகொண்டு நாடா பறக்கும். இடது கை பலகையை நெஞ்சுப் பக்கம் இழுத்து இழையை நெருக்கும். நாலு உறுப்புக்கும் நாலு வேலை. தறி நெய்கிறவளுக்கு வண்டி ஓட்டத் தனியாகக் கற்றுத்தர என்ன இருக்கிறது என்று அன்று அவருக்கே நான் பாடம் எடுத்தேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் எனக்கே என் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருக்கிறது. (ஹெல்மெட் போட்டிருந்ததால் அன்று குட்டியிருந்தாலும் உறைத்திருக்காது.)

ஆனால் அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் தலையில் ஏற்றிக்கொண்டேன். “கௌரி, ஒண்ணு மட்டும் மறக்காத. நீ எங்க பாக்குறியோ வண்டி அங்கதான் போவும். பள்ளத்தப் பாத்தா பள்ளத்துக்குள்ள போவும். தப்பிக்கிற பக்கம் பாரு.”

புதன்கிழமை டெஸ்ட். அதற்கு முந்தின ஞாயிறு காலை அவரைப் பின்னால் உட்காரவைத்து தாமல் ஏரிவரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். பெங்களூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஒரு தப்பு இல்லை. “பரவால்லியே!” என்று அவர் என் முதுகில் தட்டினார். அந்தப் பூரிப்போடு எங்கள் தெருமுனையில் திரும்பினேன்.

திரும்பினால் நேரெதிரே சரோஜாக்காவின் பாவு.

எங்கள் பக்கம் தறியில் ஏற்றுகிற பட்டு இழைகளை முதலில் தெருவில்தான் இடுப்பு உயரத்துக்கு நீட்டிக் கட்டுவோம். கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துவிடுவோம். அதுதான் பாவு. வழக்கமாக வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அன்று விடியற்காலையில் தூறல் போட்டதால் தாமதமாகிவிட்டது. ஒரு பாவு என்பது ஒரு வீட்டின் பல வாரச் சோறு. அதற்குள் வண்டி புகுந்தால் கொத்துக் கொத்தாக அறுந்துபோகும். வலப்பக்கம் சரோஜாக்காவும் அவர் வீட்டு ஆட்களும் நின்றுகொண்டிருந்தார்கள். இடப்பக்கம் கோபால் அண்ணனின் சாயப்பட்டறை.

“பிரேக்கு! பிரேக்கப் புடி!” என்று பின்னாலிருந்து அவர் கத்தினார்.

பயம் வந்தால் தலையைக் கேட்டுக்கொண்டா உடம்பு வேலை செய்கிறது? என் உடம்புக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். இடது கால் மிதித்தது. வலது கை வெடுக்கென்று இழுத்தது. தறியாக இருந்தால் நாடா பறந்து புடவை ஓர் இழை வளர்ந்திருக்கும். வண்டியாகப் போனதால் ஆக்சிலேட்டர் முழுசாகத் திறந்துகொண்டது. (இடது கை கிளட்சைப் பிடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

வண்டி துள்ளிய துள்ளலில் என் கணவர் பின்சீட்டிலிருந்து வழுக்கி, தெருவில் சப்பணம் போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டார். எனக்கோ அந்தப் பாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மஞ்சள் பட்டு, வெயிலில் தகதகவென்று கிட்டே வருகிறது. சரோஜாக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “ஐயோ என் பாவு!” என்று அலறினார்.

அப்போதுதான் என் கணவர் சொன்னது மண்டையில் அடித்தது. எங்கே பார்க்கிறேனோ அங்கேதான் வண்டி போகும். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை இடப்பக்கம் திருப்பினேன். வண்டி மகா உத்தமி, சொன்ன பேச்சைக் கேட்டு இடப்பக்கமே போனது. அங்கே, பட்டு அலசுவதற்காகத் தரையோடு தரையாகக் கட்டிய தொட்டி இருந்தது. அதில் முதல் நாள் மிஞ்சிய அரக்குச் சாயத் தண்ணீர். முன்சக்கரம் அதற்குள் இறங்கியது. நான் அதற்கும் முன்னால் இறங்கினேன்.

தொட்டியின் விளிம்பில் தலை மோதியது. ஹெல்மெட்டில் ஒரு நீளக் கீறல், என் தலைக்கு ஒன்றுமில்லை. நெஞ்சளவு தண்ணீரில் எழுந்து நின்றேன். யாராவது என்னைத் தூக்க ஓடிவருவார்கள் என்று பார்த்தேன். மொத்தத் தெருவும் பாவை நோக்கி ஓடியது! குனிந்து, நிமிர்ந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவித் தடவிப் பார்த்தார்கள்.

நான் தொட்டிக்குள்ளிருந்தே கேட்டேன். “சரோஜாக்கா, ஒரு இழையாச்சும் அறுந்துதா?”

அவர் இன்னொரு தடவை பார்த்தார். “இல்லமா.”

“அப்ப வந்து என்னத் தூக்குங்க!”

தூக்கினார்கள். தலைமுதல் கால்வரை அரக்கு. வண்டியின் முகப்பு விளக்கு உடைந்திருந்தது. என் கணவர் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே நொண்டி வந்தார். எனக்கு அடி பட்டதா என்று கையையும் காலையும் திருப்பிப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் உள்ளங்கையை நீட்டினார். சாவி கேட்கிறார். ஒத்துக்கொண்டவள் நானாயிற்றே. அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. (சாயத்தில் கண்ணீர் தெரியவில்லை, அது ஒரு வசதி.) வண்டியிலிருந்து சாவியை உருவினேன்.

நடுவில் வந்து நின்றது யார் தெரியுமா? சரோஜாக்கா!

“கைய மடக்கு ஏகாம்பரம். என் பாவு அறுந்துடக் கூடாதுன்னு தொட்டில வுழுந்தவபா அவ. உன்ன ஓட்டச் சொல்லியிருந்தா நீ நேரா என் பாவுலதான் வுட்டிருப்ப. சாவி அவகிட்டயே இருக்கட்டும்.”

தெருவே சிரித்தது. அவரும் கையை மடக்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே என்ஜினை அணைத்த வண்டியில் உட்கார்ந்து, ‘பிரேக்கு’ என்று அவர் கத்தக் கத்த, கை காலுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். இன்றும் தறியை விட்டு எழுந்தால் உடனே வண்டியை எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் நின்று, “ஏய், இது தறி இல்ல, வண்டி,” என்று என் வலது கையிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு ஒரு விபத்தில்லை.

விளக்கை மாற்றிக்கொண்டு புதன்கிழமை டெஸ்டுக்குப் போனேன். காலைக் கீழே ஊன்றாமல் எட்டு போட்டேன். அதிகாரி, “கன்னத்துல என்னம்மா?” என்றார். “காஞ்சிபுரம் சாயம் சார், லேசுல போவாது,” என்றேன் கம்பீரமாக. லைசென்ஸ் படத்தில் என் இடது கன்னம் அரக்கு, வலது கன்னம் மாநிறம். வழியில் மடக்குகிற போலீஸ்காரர்கள் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் என் கணவர் அந்த அட்டையைத்தான் எடுத்து நீட்டுவார்.

இப்போது சரோஜாக்காவுக்குக் கடைக்குப் போக வேண்டுமென்றால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்துவிடுகிறார். தெருவில் யார் வீட்டுப் பாவு நீட்டியிருந்தாலும் சரி, நான் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டதும் ஒரு குரல் எழும்பும்: “கௌரி வண்டி எடுக்குதுபா, தொட்டிய மூடுங்க!”

கவனித்தீர்களா? தொட்டியை மூடச் சொல்கிறார்கள். பாவைச் சுருட்டச் சொல்லி இதுவரை ஒருத்தரும் கத்தியதில்லை.