மூச்சு ஸ்டூடியோவின் கவலைப் பிரிவு

எதில் சேருவதாக இருந்தாலும், சேருவதற்கு முன் நாலு கேள்வி கேட்பது மனித இயல்பு. மலர்விழி சிக்கனமானவள். மூன்றே மூன்று கேள்விகளோடுதான் திண்டிவனம் மரக்காணம் சாலையில், செருப்புக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் புதிதாகத் திறந்திருந்த ‘மூச்சு’ ஸ்டூடியோவுக்குப் படியேறினாள்.

அவளுடைய அவசரம் நியாயமானது. பெண் காவலர் உடல்தகுதித் தேர்வில் போன தடவை நானூறு மீட்டர் ஓட்டத்தில் நாலே நொடி வித்தியாசத்தில் கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில், வேலைக்குப் போகிறவர்களின் விண்ணப்பங்களை நகலெடுத்துக் கொடுத்தே காலம் தள்ள வேண்டியதுதான். தேர்வுக்கு இருந்தது அறுபது நாள். ஊர்ப்பக்கம் பெருமுக்கல் ரோட்டில் ஓடிப் பார்த்தாள். பைக்கில் போகிற பசங்கள் செல்போனை நீட்டிக்கொண்டு கூடவே வந்தார்கள். ஆகவே, மூச்சு.

உரிமையாளர் தமிழ்மணி, பெங்களூருவில் எட்டு வருஷம் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு, ஆரோவில் பக்கம் எட்டு நாள் தங்கி ஞானம் பெற்றுத் திரும்பியவர். ஜிம் என்று சொன்னால் அவருக்கு மனம் புண்படும். இது ஜிம் இல்லை, ஸ்பேஸ் என்று திருத்தினார். அந்த ஸ்பேஸில் மூங்கில் தரை இருந்தது. தட்டினால் ‘ஞொய்ங்’ என்று அடங்கும் வெண்கலக் கிண்ணம் இருந்தது. கேப்பைக் கூழைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மேலே ஒரு புதினா இலையைச் செருகி வைத்திருந்தார்கள். அதே கூழை அன்று காலை சொம்பில் குடித்துவிட்டு வந்திருந்த மலர்விழிக்கு, தான் இத்தனை நாள் இலை இல்லாமல் வாழ்ந்தது உறைத்தது.

அவள் கேள்வியைத் தொடங்கியதுமே தமிழ்மணி கையெடுத்துக் கும்பிட்டார். வாடிக்கையாளர் சேருவதற்கு முன்பே அவருடைய கவலைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதுதான் பெரிய ஊர்களில் இப்போதைய வழக்கமாம். அதற்காகவே தனிப் பிரிவு வைத்திருப்பதாகச் சொல்லி மூலையைக் காட்டினார். அங்கே ஒரு மேசை, மேசைமேல் முத்திரை, முத்திரைக்குப் பின்னால் சீனுவாசன். ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். முப்பத்திரண்டு வருஷம் மனு வாங்கிப் பழகிய கை.

“பொம்பள டிரெய்னர் இருக்காங்களா சார்? காலையில ஆறு மணிக்குத் தொறப்பீங்களா? சுடிதார் போட்டுக்கினு பண்ணலாமா?”

சீனுவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“வாயால கேட்டா அது கேள்விம்மா. எழுதிக் குடுத்தாத்தான் கவலை. மூணு கவலைக்கு மூணு மனு.”

“ஆமாம், இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே சார்?”

“ஆமாம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. இல்லன்னு சொன்னா நீ திரும்பிப் போயிடுவ, ஸ்டூடியோவுக்கு நஷ்டம். அதனாலதான் பரிசீலனைன்னு ஒண்ணு வெச்சிருக்கு.”

மலர்விழி வாதாடுவதில் சளைத்தவள் இல்லை. ஆனால் இந்த வாதத்தில் நுழைவதற்கு இடுக்கே இல்லாமல் இருந்தது. எழுதிக் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் கள விசாரணை. ஆறு மணிக்குத் திறக்க வேண்டும் என்று கோருகிற மனுதாரர் உண்மையில் ஆறு மணிக்கு எழுந்திருக்கக் கூடியவர்தானா என்று நேரில் கண்டறிய, சீனுவாசன் காலை பத்தரைக்கு அவள் வீட்டுக்கு வந்தார். மலர்விழி கடைக்கு லீவு போட்டுக் காத்திருந்தாள். அவர் அக்கம்பக்கத்தில் நாலு பேரை விசாரித்தார். நிலக்கடலையை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, உரித்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மா பூமாலையிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது ஒரு படி மல்லாட்டையும் வாங்கிக்கொண்டார். அறிக்கை இப்படி இருந்தது: ‘பத்து மணி முப்பது நிமிடத்துக்குத் தணிக்கை செய்ததில் மனுதாரர் விழித்த நிலையில் காணப்பட்டார். ஆறு மணி நிலவரம் குறித்து உறுதி செய்ய இயலவில்லை.’

இருபத்தோராம் நாள் மூச்சு ஸ்டூடியோவின் விழுப்புரம் கிளையில் கவலை ஆய்வுக் குழு கூடியது. திண்டிவனத்துக் கவலையைத் திண்டிவனத்திலேயே தீர்த்துவிட்டால் மாவட்டத் தலைநகர் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? மலர்விழி மறுபடி லீவு போட்டு பஸ் ஏறினாள். குழுவில் மூன்று பேர்: தமிழ்மணி, சீனுவாசன், தமிழ்மணியின் மாமனார் கண்ணையன். ஊதா டீ-சர்ட் போட்ட ஒரு பெண் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முதுகில் ‘பயிற்சியாளர் அமலா’ என்று எழுதியிருந்தது.

“சார், இவங்கதானே பொம்பள டிரெய்னர்?”

“அது குழு முன்னால நிலுவையில இருக்கற விஷயம்மா. அதப் பத்தி இப்ப யாரும் கருத்து சொல்லக் கூடாது,” என்றார் சீனுவாசன். பிறகு அமலாவைப் பார்த்து, “நீ கொஞ்சம் வெளிய இரும்மா, பெண் பயிற்சியாளர் இருக்காங்களான்னு பேசப் போறோம்,” என்றார்.

ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கண்ணையன் நடுவில் தூங்கினார். அது ஆட்சேபணை இன்மை என்று குறிப்பேட்டில் பதிவானது. தீர்மானம்: மூன்று கவலைகளும் மிகவும் முக்கியமானவை என்று குழு ஏகமனதாகக் கருதுகிறது.

திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள் அமலா. குயிலாப்பாளையத்துப் பெண். விளையாட்டுக் கல்லூரியில் படித்தவள். ஸ்டூடியோ திறந்ததிலிருந்து ஒருவருக்குக்கூட அவள் பயிற்சி கொடுக்கவில்லை. சேர வந்த முப்பத்தேழு பெண்களும் கவலை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சேர்ந்தவர் யாரும் இல்லாததால் புகார் என்று ஒன்றும் இல்லை. புகாரே இல்லாத ஸ்டூடியோ என்று ஏதோ ஒரு சங்கம் விருதுகூடக் கொடுத்துவிட்டதாம்.

“நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு உங்க ஊர் ரோட்டுக்கு வர்றேன். ஓடலாம்,” என்றாள் அமலா.

“உங்களுக்கு வேலை போயிடாதா?”

“நான் இருக்கேனா இல்லியான்னே இன்னும் முடிவாகலியேக்கா. இல்லாத ஆளு எங்க போனா யாருக்கு இன்னா?”

மறுநாளிலிருந்து ஓடினாள் மலர்விழி. சுடிதாரில்தான். செல்போனை நீட்டிய பசங்களை அமலா விசில் ஊதி நிறுத்தி, வரிசைப்படுத்தி, பைக்கை ஓரங்கட்ட வைத்து இரண்டு கிலோமீட்டர் ஓடவிட்டாள். அதற்கப்புறம் அந்த ரோட்டில் ஆறு மணிக்கு முன் ஒரு பைக் வரவில்லை. மலர்விழியின் நேரத்தில் முதல் வாரம் ஒரு நொடி குறைந்தது. மூன்றாம் வாரம் மூன்று. தேர்வன்று ஒரு நொடி மீதம் வைத்துக் கோட்டைத் தாண்டி, தாண்டின இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். வேலை ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரம் மூச்சு ஸ்டூடியோவிலிருந்து பதிவுத் தபால் வந்தது. மனுதாரரின் கவலைகள் நாளடைவில் தாமாகவே தீர்ந்துவிட்டதாகத் தெரியவருவதால் கோப்பு முடிக்கப்படுகிறதாம். அத்தோடு விட்டிருக்கலாம். பஸ் நிலையத்துக்கு எதிரே முப்பதடி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மனுவோடு அவள் கொடுத்திருந்த போட்டோ. கீழே ‘எங்கள் மூச்சு, இவரது வெற்றி’.

மலர்விழிக்கு ரத்தம் கொதித்தது. அமலாவிடம் போனில் கத்தினாள். இது மோசடி, கிழித்து எறியாமல் வீடு திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் இருந்த பருவையெல்லாம் எடுத்திருந்தார்கள். பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு புலிகூட இருந்தது. டீக்கடைக்காரர் எழுந்து நின்று, “நம்ம ஊர் பொண்ணும்மா நீ,” என்றார். மலர்விழி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரு செல்ஃபி எடுத்தாள். அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். பேச்சுவார்த்தை இல்லாதிருந்த சித்தப்பா வகையறாகூட இதயம் இதயமாக அனுப்பினார்கள்.

அப்போது தோளில் பையோடு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். பெயர் சங்கவியாம், அவளும் போலீஸ் வேலைக்குத்தான் தயாராகிறாளாம். ஃப்ளெக்ஸையும் மலர்விழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, நெசமாவே நீங்க அங்க போய்த்தான் பாஸ் பண்ணீங்களா? நானும் சேரலாமா?”

“சேரும்மா,” என்றாள் மலர்விழி, இன்னொரு செல்ஃபிக்குப் போனைத் தூக்கியபடி. “கொஞ்சம் தள்ளி நில்லு, போட்டோவ மறைக்கற.”