பதினைந்து நொடி மிச்சம்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். அந்த நிமிடம்வரை என்னால் யாருக்கும் ஒரு கெடுதலும் நேர்ந்ததில்லை. நான் அதிகம் பேசாதவள். முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிப்பவள். எதையும் எடுத்த இடத்திலேயே வைப்பவள். (இந்த மூன்றாவது குணத்தை அம்மா சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.) பிறருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அபூர்வமாகவே வரும். அன்று வந்தது.

எங்கள் வீடு வெண்ணந்தூரில் இருக்கிறது. வீட்டை ஒட்டியே தறிக்கூடம், நான்கு விசைத்தறிகள். சேலைக் கரையில் வரவேண்டிய பூவேலையை அப்பாவே கணினியில் கட்டம் கட்டமாக வரைவார். வரைந்ததைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் தறி அதன்படி நெய்யும். அந்தக் கணினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. டிசைன் சாஃப்ட்வேரைத் திறக்கச் சொடுக்கிவிட்டு அப்பா பல் துலக்கி, டீ குடித்து, பேப்பரில் இரண்டு பக்கம் படித்துவிட்டு வருவார். அப்போதும் திரையில் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

"அதுக்கும் வயசாயிருச்சுல்ல சாமி, எந்திரிக்க நேரமாவத்தான் செய்யும்" என்று என்னைச் சமாதானப்படுத்துவார் அம்மா.

ஒருநாள் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று நிமிடம், இருபது நொடி.

அந்த மாதம் கணினியை எங்கள் குடும்பம் முழுவதும் நம்பியிருந்தது. அப்பாவுக்கு ஒரே தங்கை, கெங்கவல்லியில் வாழ்க்கைப்பட்டவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அப்பா நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்காமல், பத்திரிகையைக் கூரியரில் அனுப்பிவிட்டார். தறியில் அவசர வேலை என்பது அவர் சொன்ன காரணம். (கூடப் பிறந்த தங்கை கூரியர்க்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினாள் என்பது அத்தையின் குற்றப்பத்திரிகை.) அன்றுமுதல் இருவருக்கும் பேச்சில்லை. இப்போது அத்தை மகள் ஹேமாவுக்குச் சித்திரையில் கல்யாணம். தாய்மாமன் சேலை அப்பாதான் தர வேண்டும். ஹேமா எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: மாமா கையால் ஆவாரம்பூக் கரை போட்ட சேலை வேண்டும், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அப்பா பத்தொன்பது நாள் வரைந்தார். கொத்துக்கு ஐந்து பூ, நடுவில் மூன்று மொட்டு, அடியில் ஒரு சிற்றிலை. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கும் முன் அதைத் தறியில் ஏற்ற வேண்டும். அந்த ஒரு வாரம்தான் தறி காலி. அதன்பின் கல்யாணம்வரை வெளி ஆர்டர்கள். சேலை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு தானே போய் அத்தை வீட்டு வாசலில் நிற்பது என்று அப்பா தீர்மானித்திருந்தார். நின்று என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. சேலை பேசிக்கொள்ளும் என்று நம்பினார்.

அந்த ஞாயிறு அவர் ஜரிகை வாங்கச் சேலத்துக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது கணினி அவருக்காகத் துள்ளி எழ வேண்டும் என்று நான் விரும்பினேன். மெதுவாகத் திறக்கும் சாஃப்ட்வேர்களைச் சரிசெய்யும் வழிகளை இணையத்தில் தேடி, பதினொரு படிகளை நோட்டில் எண் போட்டு எழுதி, எண்களுக்கு அடிக்கோடும் இட்டேன். (தேர்வுக்குக்கூட நான் அவ்வளவு அழகாக எழுதியதில்லை.)

"அப்பா வந்தப்பறம் செய்யேன் சாமி" என்றார் அம்மா.

"அவருக்குத் தெரியாம செய்யறதுலதாம்மா விசயமே இருக்கு."

கணினியோடு சேர்ந்து விழித்தெழும் பதினாறு சில்லறை சாஃப்ட்வேர்களை நிறுத்தினேன். ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டு குடியிருந்த மூன்று ஆன்டிவைரஸ்களில் இரண்டை வெளியேற்றினேன். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஒரு சாஃப்ட்வேரையும் நீக்கினேன். (யாருக்குப் பார்த்தார்கள் என்பதை இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.) ஏழாவது படி, அழித்தவை போய் விழும் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது. அதில் நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் கிடந்தன. நிரந்தரமாக அழிக்கத்தான் வேண்டுமா, உறுதிதானா என்று கணினி கேட்டது. அன்று வெண்ணந்தூரில் என்னைவிட உறுதியான மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

எட்டாவது படி, ஹார்ட் டிஸ்கில் சிதறிக் கிடப்பவற்றை ஒழுங்காக அடுக்குவது. அதற்கு நான்கு மணி நேரம் பிடித்தது. சிதறியவை ஒழுங்குக்கு வருவதைப் பார்த்துக்கொண்டே நான் தயிர்ச்சோறு சாப்பிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

பதினொரு படிகளும் முடிந்தபின் மீண்டும் நேரம் வைத்துத் திறந்தேன். பதின்மூன்று நிமிடம், ஐந்து நொடி. ஆக, என் ஒரு நாள் உழைப்பில் மிச்சம் பதினைந்து நொடி.

ஐந்தரை மணிக்கு அப்பா வந்தார். ஜரிகைப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"சாமி, கூடை காலியா இருக்குது?"

"எந்தக் கூடைப்பா?"

அவர் திரையின் மூலையில் இருந்த ரீசைக்கிள் பின்னைத் தொட்டுக் காட்டினார்.

"அதுவா? எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன்ப்பா."

"அதுலதான சாமி ஹேமா கரை இருந்துச்சு."

"குப்பைக் கூடையிலயாப்பா?"

"குப்பையின்னு யாரு சொன்னா? பாதி வேலைய வேற எங்க வெப்பாங்க?"

இதை விளக்க வேண்டும். எங்கள் தறிக்கூடத்தில் ஒவ்வொரு தறிக்கும் அருகில் ஒரு கூடை உண்டு. நூல் பாதி தீர்ந்த தார்க்குச்சி, மறுநாளைக்குத் தேவைப்படும் நூல்துண்டு, அறுந்த இழையை முடிய வைத்திருக்கும் மிச்சம் எல்லாம் சாயங்காலம் அதில் விழும். காலையில் அதிலிருந்தே எடுப்பார்கள். தரையைக் கூட்டுகிறவர்கள்கூடக் கூடையைத் தொடமாட்டார்கள். தறி வைத்திருப்பவர் வீட்டில் பிறந்த எவரும் கூடையைக் கொட்டியதாக வரலாறில்லை. அப்பா கணினியிலும் ஒரு கூடைப் படத்தைக் கண்டார். வேறென்ன வேண்டும்? பத்தொன்பது நாளும் மாலையில் ஆவாரம்பூவை அதற்குள் இழுத்துப் போட்டார். காலையில் வெளியே எடுத்து வைத்து வரைந்தார். பென்டிரைவில் ஏற்றுவது திங்கட்கிழமை வேலை.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதிருந்தால் அம்மா சமாதானம் செய்திருப்பார். எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருந்திருக்கும். நான் என் நோட்டை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அம்மா அழைத்ததும் ராசிபுரத்திலிருந்து கணினி சரிபார்க்கும் குமார் அண்ணன் வண்டியில் வந்து சேர்ந்தார். மேசைக்கு அடியில் குனிந்தவர், தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஏனுங்க அக்கா, இதுக்கு யாருங்க பாவாடை கட்டிவுட்டது?"

அம்மா ரவிக்கைத் துணி மிச்சத்தில் கணினிப் பெட்டிக்கு உறை தைத்திருந்தார். நான்கு பக்கமும் மூடி, அடியில் சுருக்குநாடா. முன்புறம் பொத்தானை அழுத்த மட்டும் ஒரு துளை. அதற்கும் காஜா எடுத்த நேர்த்தி. பன்னிரண்டு வருடமாக அதை யாரும் கழற்றவில்லை. நானும் அதைக் கணினியின் தோல் என்றே நினைத்து வளர்ந்தவள். பதினொரு படிகளில் எதிலும் பாவாடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"தறித்தூசி படக்கூடாதுன்னு தெச்சனுங்க" என்றார் அம்மா. "நாடாகூட வெச்சிருக்கறன்."

"நாடா நல்லாத்தானுங்க இருக்குது. மூச்சுத்தான் வுட முடியலைங்க அதுக்கு. சூடேறிச் சூடேறிப் படுத்துக்கிடக்குது."

உறையைக் கழற்றி, உள்ளே அப்பியிருந்த பஞ்சை ஊதி எடுத்து, மறுபடி திறந்தார். இரண்டு நிமிடம் பத்து நொடி. அந்த வெற்றியைக் கொண்டாட அங்கே யாருமில்லை.

பிறகு அழிந்ததைத் தேடினார். ஒன்றரை மணி நேரம் தேடினார்.

"அழிச்சதுகூடப் பரவால்லீங்க" என்று என்னைப் பார்த்தார். "அழிச்சுட்டு நாலு மணி நேரம் அதும்மேலயே சாமானையெல்லாம் மாத்தி மாத்தி அடுக்கியிருக்கறீங்களே, அதானுங்க."

மீண்டு வந்தவை: எனக்குக் காது குத்தியபோது எடுத்த முப்பது படங்கள், ஒரு மின்கட்டண ரசீது, ஆவாரம்பூக் கரையின் ஒரு மூலை. அதில் இரண்டு மொட்டும் பாதி இலையும் இருந்தன. மீதி எல்லாம் சாம்பல் நிறக் கட்டங்கள்.

அப்பா அந்த மொட்டுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கணினியை அணைத்தார்.

"சாதாக் கரையே ஏத்திக்கலாம்" என்றார். எழுந்து போகையில் அம்மாவுக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்துச் சொன்னார்: "பாப்பா வாங்கமாட்டா." அத்தையை அவர் பாப்பா என்றுதான் அழைப்பார். ஆறு வருடமாக அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒலிக்காததால் எனக்கு அது நினைவிலிருந்தே போயிருந்தது.

இன்றும் நான் துடைப்பத்தை எடுத்தால் போதும், "எதுக்கும் உங்கப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்க சாமி, எதுக்குள்ள எத வெச்சிருக்காரோ" என்கிறார் அம்மா. பொங்கலுக்கு வீடே ஒழுங்குபடும்போது எனக்கென்று ஒதுக்கப்படும் வேலை, நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருப்பது. குமார் அண்ணன் மற்ற வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறார் என்றும் கேள்வி.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, "அத்தை வீட்டுக்குப் போகிறேன்; மாலைக்குள் வந்துவிடுவேன்" என்று சீட்டெழுதி வைத்துவிட்டு முதல் பேருந்தில் ஏறினேன். ராசிபுரத்தில் மாறி, ஆத்தூரில் மாறி, கெங்கவல்லியில் இறங்கும்வரை அத்தையிடம் சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்களை மனத்துக்குள் திருத்திக்கொண்டே இருந்தேன். அப்பா பதினொரு முறை அழைத்தார். எடுக்கத் தைரியம் வரவில்லை.

வாசலில் என்னைக் கண்டதும் அத்தையின் கையிலிருந்த வாளி நழுவியது.

"அண்ணனுக்கு என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. நல்லாத்தான் இருக்காங்க."

"அப்ப எதுக்கு வந்த?" என்றார், உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு.

நான்கு வாக்கியங்களும் வரிசை மாறி வந்தன. கரை, கூடை, பத்தொன்பது நாள், நான்தான் என்பதை மட்டும் எப்படியோ சொல்லி முடித்தேன். அத்தை ஈரக்கையை முந்தானையில் துடைத்தார்.

"ஃபோனப் போடு. எங்கிட்ட அவரு நம்பரெல்லாம் கெடையாது."

நான் பெயரைத் தேடுவதற்குள் பத்து எண்களையும் மடமடவென்று சொல்லிவிட்டார்.

"சாமி, எங்க இருக்கற?" என்றது அப்பாவின் குரல்.

"நாந்தான்" என்றார், கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட அத்தை.

மறுமுனையில் தறிச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது தூரமானது. அப்பா நடந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"அறிவிருக்காண்ணா உனக்கு? வயசுப்புள்ளய இருட்டுல மூணு பஸ்ஸு மாத்தி அனுப்பியிருக்கற?"

"நா அனுப்பல பாப்பா…"

"பேசாத. ஆறு வருசம் பேசாமத்தான இருந்த? இப்பவும் இரு. நான் பேசறேன்."

பேசினார். எங்கள் புதுமனையில் தொடங்கி, அவருடைய கல்யாணத்துக்குப் பின்னோக்கிப் போய், அதற்கும் முன்னால் அப்பா உடைத்த ஒரு சிலேட்டுவரை வந்தது. இடையில் ஒருமுறை, "கரை கெடக்குது, மொதல்ல நீ வா" என்றதும் காதில் விழுந்தது. அதற்கு அப்பா என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் கைப்பேசியில் மூன்று சதவீதம் என்று சிவப்பில் காட்டியது.

டிவிக்குப் பக்கத்தில் சார்ஜர் இருந்தது. செருகினேன். பிளக் தளர்வாக இருந்ததால், கையை எடுத்தால் மின்சாரம் நின்றது. வலது கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வயர் குட்டையாக இருந்தது; அத்தை தரையில் உட்கார்ந்து, என் முழங்காலருகே கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, அழுதபடியும் திட்டியபடியும் இருந்தார். ஹேமா காபி கொண்டுவந்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தேன். நாற்பத்திரண்டு நிமிடம், விரல் மரத்துப்போகும்வரை, அந்த பிளக்கை அழுத்திக்கொண்டு சுவரோரம் அசையாமல் நின்றேன்.