மூச்சு விட்ட பிணம்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு முறைதான் செத்திருக்கிறேன். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு, ராஜா காலத்துப் பஞ்சத்தைப் பற்றி டிவியில் ஒரு சரித்திரத் தொடர் வந்தது. மகா உன்னதமான தொடர். அதில் யாரும் சிரிக்கமாட்டார்கள். வாரத்துக்கு நாலு பேராவது சாவார்கள். மிச்சமிருப்பவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். படம் முழுக்கச் சாம்பல் நிறம். எங்கள் பாபநாசத்தில் பாதிப் பேர் டிவி ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். மீதிப் பேர், இதைப் பார்த்து அழுதால்தான் அறிவாளி என்று நம்பி அழுதார்கள். (நான் இரண்டாவது கட்சி.)

அந்தப் பஞ்சத்தை எங்கள் ஊர் வயலில்தான் எடுத்தார்கள். பங்குனி வெயிலில் வெடித்துக் கிடந்த மண்ணைப் பார்த்து டைரக்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் உரக்கடையைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். பிணம் போதவில்லை என்றார்கள். படுத்துவிட்டேன். ஊருக்குள் வந்து, கதையின் திருப்புமுனையே என் பாத்திரம்தான் என்று சொல்லிவைத்தேன்.

அந்தக் காட்சி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று வீடு பார்க்க மன்னார்குடியிலிருந்து பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். காப்பி மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் கை நனைக்கமாட்டார்கள். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இருந்தாலும் அம்மா ஒரு நம்பிக்கையில் சாம்பார், இரண்டு பொரியல், பாயசம் வரை செய்து வைத்திருந்தாள். நல்ல காரியம் பேசும்போது அந்த எழவு நாடகத்தைப் போடாதே என்றும் எச்சரித்திருந்தாள். ஆனால் பெண் தேன்மொழியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே பயம். உரக்கடைக்காரனுக்குக் கொடுக்காவிட்டாலும் நடிகனுக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். போட்டேன்.

தேன்மொழியின் அம்மா ஐந்தாவது நிமிடத்திலிருந்து அழுதார். அவளுடைய அப்பா அறுவடை மிஷின் வாடகைக்கு விடுகிறவர். அரைமணி நேரம் கழித்துத் திரைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இது மிஷின் அறுத்த நெல்லுத் தாளுல்ல? பெல்ட்டுத் தடம்கூடத் தெரியுதே. ராஜா காலத்துலயே மிஷின் வந்துருச்சா?"

சரித்திரம் அவ்வளவுதான், முடிந்தது. அடுத்து நான் வந்தேன். ஒரு மாட்டுவண்டி நிறையப் பிணங்கள். எல்லாருக்கும் மேலே நான். பின்னணியில் ஒற்றைப் புல்லாங்குழல். கேமரா மெதுவாக என்னிடம் வந்தது. என் வயிறு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. புல்லாங்குழலுக்குத் தாளம் போடுவதுபோல் அப்படி ஒரு ஒழுங்கு.

காப்பி டம்ளர் எடுக்க வந்த அம்மா, பெற்ற பிள்ளையைப் பிணமாகப் பார்த்துவிட்டு, உப்பும் மிளகாயும் எடுத்து வந்து எல்லார் முன்னிலையிலும் எனக்குச் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் எல்லாரும் இருமினோம். தேன்மொழியின் அப்பா இருமி முடித்துவிட்டு என் வயிற்றையே பார்த்தார்.

"பஞ்சத்துல செத்தவருக்கு இம்புட்டு வயிறா?"

"அது பசியில வந்த வீக்கம்ங்க" என்றேன்.

(இதைவிட நான் சும்மா இருந்திருக்கலாம்.)

அவர் சட்டைப்பையில் கார் சாவியைத் தடவினார். திரையில் ஒரு தாய், வீட்டில் கடைசியாக இருந்த விதைநெல்லை அவித்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். விவசாயக் குடும்பம் எதைத் தாங்கினாலும் அதைத் தாங்காது. தேன்மொழியின் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அவர் கண் துடைக்கப் போனதாக நினைத்தோம்.

கிளம்பலாம் என்று அவரைத் தேடிப் போன கணவர் சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தம்மா தரையில் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் அம்மா கரண்டியோடு பக்கத்தில் நின்றாள்.

"என்ன காரியம் பண்ணிருக்க?" என்றார் கணவர்.

"அந்த வெதநெல்லப் பாத்ததும் பசி தாங்கலங்க. அக்காகிட்ட நாந்தான் ஒரு வாய் கேட்டு..." என்று ஆரம்பித்தவர், தன் கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கணவர் செல்போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். மகளிடம் பேசுகிறார் என்று புரிந்தது. அந்த மூன்று நிமிடம் நான் நிஜமாகவே மூச்சு விடவில்லை. உள்ளே வந்தவர் காலைக் கழுவினார், கையைக் கழுவினார், உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு எலையப் போடுங்க."

மகள் என்ன சொன்னாள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளும் வீட்டில் அதே தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அந்த மூச்சு விட்ட பொணந்தான் மாப்பிள்ளைன்னா சரிப்பா. இத்தனை வாரத்துல இன்னைக்குத்தான் சிரிச்சேன்" என்றாளாம். என் நடிப்புக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான்.

மாமனார் இன்றும் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும்போதே என் வயிற்றைப் பார்த்து, "பசி வீக்கம் இன்னும் வடியலையா, மாப்பிள்ள?" என்று கேட்பார். நான் உடனே மூச்சை அடக்கி வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வேன். தேன்மொழி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பத்து எண்ணுவதற்குள் மூச்சை விட்டுவிடுவேன்.